ஏற்றத்தில் எண்ணிச் செலவழிக்க வேண்டும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு சைக்கிளில் ஏறினேன் என்றால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “எவ்வளவு நேரம் ஆச்சு?” எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவாகப் பிடிப்பதில்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டைத் தொட்டபோது உடம்பில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று யாராவது கேட்டால் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவேன். ரோடு சைக்கிள் பந்தயமும் எனக்கு அந்த வழியாகத்தான் புரிந்தது. வேகமாக ஓட்டத் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர். ஐந்து மணி நேரம் கஞ்சத்தனமாக ஓட்டிவிட்டுக் கடைசி இருபது நிமிடத்தில் கொட்டித் தீர்ப்பவர்தான் ஜெயிக்கிறார்.

காரமடையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். ஜூலை மாதம் பிரான்சில் டூர் டி பிரான்ஸ் என்ற மூன்று வார சைக்கிள் பந்தயம் நடக்கும்போது, அங்கே சாயங்காலம் வண்டிகள் எல்லையைத் தொடுகிற நேரம் நமக்கு இரவு ஒன்பதை ஒட்டி வரும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அன்றைய பில்களைக் கூட்டிக்கொண்டே போனில் கடைசி ஏற்றத்தைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். இப்போது அவரே “இன்னைக்கு மலையா, சமவெளியா?” என்று கேட்கிறார்.

டிவியில் பார்ப்பதற்கும் காலில் தெரிவதற்கும் நடுவில் ஒரு மலை இருக்கிறது. எனக்கு அது கல்லாறில் தொடங்குகிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர். குன்னூர் 1,700 மீட்டருக்கு மேல். கல்லாறு வரை ரோடு பாக்குத் தோப்பு நிழலில் சமமாகத்தான் போகும். அப்புறம் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. சராசரி ஏற்றம் ஐந்து சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதாவது நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டர் உயரம். காகிதத்தில் அது சாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாமல் வந்தால் சாது இல்லை.

பக்கத்திலேயே ஊட்டி ரயில் ஏறுகிறது. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் ஓட ஆரம்பித்த ரயில் அது. அதன் மிகச் செங்குத்தான இடம் எட்டு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். வெறும் இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும் என்பதால்தான் கல்லாறிலிருந்து தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை போட்டு, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. பிரான்சில் ஆல்ப் டுவெஸ் என்று ஒரு ஏற்றம், 21 வளைவுகள், 13.8 கிலோமீட்டர். அதன் சராசரியே 8.1 சதவீதம். நம் ரயில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறும் இடத்தின் சரிவு, அவர்களுக்குக் கடைசி வரை. அதையும் அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு மலை ஏறி இறங்கிவிட்டு ஏறுவார்கள்.

நம் ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போக மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் என்பதால், நிதானமாக மிதிக்கும் நடுத்தர வயதுக்காரிகூட அதை முந்திவிடலாம். ஜன்னலில் தொங்கிக்கொண்டு கையாட்டும் குழந்தைகளுக்கு அது தெரியாது, பாவம்.

இந்த மலையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டி ஒன்றில் கணக்கு எழுதும் அண்ணன். அறுபதை நெருங்குகிறார். இதயத் துடிப்புப் பார்க்கும் கடிகாரம் அவரிடம் கிடையாது. ஏறும்போது பேச்சுக் கொடுப்பார். “ஏனுங் அம்மணி, கடையில இப்ப எந்த மாத்திரை ஜாஸ்தி ஓடுதுங்?” “மழை ஆரம்பிச்சிருச்சில்லீங்ணா, காய்ச்சல் மாத்திரையும் இருமல் சிரப்பும்தான், அதுவும் ஸ்கூல் புள்ளைங்களுக்கு...” என்று நான் நீட்டி முழக்கினால் வேகம் சரி. “காய்ச்சல் மாத்திரைங்ணா” என்று ஒற்றைச் சொல்லில் முடித்தால் அவரே ஒரு கியர் இறக்கிவிட்டு, “செரி, மெதுவாப் போலாமுங், குன்னூர் எங்கீம் ஓடிப் போயறாது” என்பார். விளையாட்டு மருத்துவத்தில் இதையேதான் பேச்சுச் சோதனை என்கிறார்கள். முழு வாக்கியம் பேச முடிகிற வரை உடம்பு பெரும்பாலும் ஆக்சிஜனை வைத்துக் காலம் தள்ளுகிறது, கொழுப்பையும் சேர்த்து எரிக்கிறது. வாக்கியம் உடைந்தால் தசையில் சேமித்த சர்க்கரை மளமளவென்று கரைகிறது என்று பொருள். அந்தச் சேமிப்பு நானூறு, ஐந்நூறு கிராம்தான். கடுமையாக மிதித்தால் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு மனது எவ்வளவு வைராக்கியமாக இருந்தாலும் கால் கேட்காது.

அதனால் முதல் நான்கைந்து வளைவுகளில் “இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாமே” என்று தோன்றினால் அதுதான் சரியான வேகம்.

கியரைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கும் ரோடு சைக்கிள்கள் பலவற்றில் பின்சக்கரக் கேசட்டின், அதாவது பல்சக்கர அடுக்கின், பெரிய பல்சக்கரம் 28 பல்லோடு நிற்கும். நம் மலைக்கு அது போதாது. முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு சக்கரம், பின்னால் 32 அல்லது 34 பல் வரை இருக்கிற கேசட் மாட்டிக்கொண்டால் முழங்கால் வாழ்த்தும். பந்தய வீரர்களே செங்குத்தான நாட்களில் இப்போது இப்படிப்பட்ட கியர்களைத்தான் போடுகிறார்கள். கனமான கியரை உருட்டுவது ஆண்மை என்ற காலம் போய்விட்டது. நிமிடத்துக்கு எழுபது சுற்றாவது கால் சுழல வேண்டும். எழுந்து நின்று மிதிப்பது அழகாகத் தெரியும். ஆனால் அப்போது உடம்பின் எடையைத் தாங்கவே தனியாகச் சக்தி போகிறது. வளைவைத் தாண்டும் சில வினாடிகளுக்கும், முதுகை நிமிர்த்திக்கொள்வதற்கும் எழுந்தால் போதும். வளைவின் உள்பக்கம்தான் செங்குத்து. இடதுபக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வாய்ப்பது அந்த உள்பக்கம். அதற்கு முன்பே கியரை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மேலிருந்து பஸ் வருகிறதா என்று பார்க்காமல் அகலமாக வீசித் திரும்பக் கூடாது. பஸ்ஸுக்கு முழு ரோடும் வேண்டும், அது அவர்கள் தப்பில்லை.

ஒரு நாள் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். நானும் சைக்கிளும் தண்ணீர் பாட்டில்களும் சேர்ந்து எழுபத்தைந்து கிலோ. அதை 1,400 மீட்டர் உயர்த்த ஆயிரம் கிலோஜூலுக்குச் சற்று மேல் வேலை. தசை, தான் எரிப்பதில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும், மிச்சமெல்லாம் சூடு. காற்று, ரோடு உராய்வு எல்லாம் சேர்த்தால் ஆயிரத்து இருநூறு கலோரியாவது வேண்டும். சின்ன இட்லியாக இருந்தால் இருபது. டூரில் ஒரு மலை நாளைக்கு ஒரு வீரர் ஐந்தாயிரம், ஆறாயிரம் கலோரி எரிக்கிறார். நூறு இட்லி! மறுநாளும் நூறு. முன்வரிசை வீரர்கள் அரை மணி நேரத்துக்கும் மேலான ஏற்றத்தில் உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஆறு வாட் வரை தள்ளுகிறார்கள். நான் தாக்குப்பிடிப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. அவர்கள் வேகத்தில் வந்தால் கல்லாறிலிருந்து குன்னூரை ஒரு மணி நேரத்தை ஒட்டி முடித்துவிடலாம் என்று வருகிறது கணக்கு. எட்டாவது வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது இதை நினைத்துப் பார்த்தால்தான் அந்த மனிதர்கள் யார் என்று உறைக்கும்.

இந்த வாட்டை எடையால் வகுக்கும் கணக்கில் ஒரு விஷமும் இருக்கிறது, மருந்துக்கடைக்காரியாக அதைச் சொல்லாமல் விட முடியாது. வாட்டைக் கூட்டுவது கஷ்டம், எடையைக் குறைப்பது சுலபம் என்று பிள்ளைகள் சாப்பாட்டைக் குறைக்கிறார்கள். செலவுக்கு ஏற்ற வரவு இல்லாமல் மாதக்கணக்கில் போனால் எலும்பு தேயும், ஹார்மோன் குழம்பும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றால் “பயிற்சி பலமா இருக்கு” என்று சந்தோஷப்படக் கூடாது. டாக்டரைப் பார்க்க வேண்டும். அதேபோல, ஏறுவதற்கு முன்பே வலி மாத்திரை கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வியர்வையில் உடம்பு வற்றியிருக்கும்போது இப்யூபுரூஃபன் மாதிரியான மாத்திரைகள் சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும். பந்தய உலகில் டிராமடால் என்ற வலிமருந்தே பெரிய தலைவலியாகி, சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2019-இல் அதைத் தடை செய்தது. 2024 முதல் எல்லா விளையாட்டுக்கும் போட்டி நேரத்தில் தடை. வலியை மறைத்தால் செலவு குறைவதில்லை, பில் மட்டும் தள்ளிப் போகிறது.

சரி, சாப்பாடு. வீரர்கள் மணிக்கு தொண்ணூறு கிராம் மாவுச்சத்து, சிலர் நூற்று இருபது வரைகூட இறக்குகிறார்கள். அதற்கு வயிற்றையே மாதக்கணக்கில் பழக்குகிறார்கள். நமக்கு நாற்பதிலிருந்து அறுபது போதும். ஒரு நல்ல வாழைப்பழத்தில் இருபது கிராமுக்கு மேல் இருக்கும், நாலைந்து பேரீச்சையிலும் அதற்குக் குறையாது. கடலை மிட்டாய் எனக்கு உயிர், ஆனால் ஏற்றத்தில் ஆகாது: பல்லில் ஒட்டும், மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது, கடலையின் எண்ணெய் செரிக்கவும் நேரமாகும். ஐரோப்பிய அணிகளின் சமையல்காரர்கள் குழைய வேகவைத்த அரிசியை இனிப்புச் சேர்த்து அழுத்தி, வில்லையாக வெட்டி, தாளில் மடித்து வீரர்களின் முதுகுப் பையில் வைக்கிறார்கள். இதைப் படித்த அன்று அம்மாவிடம் சொன்னேன். “நெய்யி கம்மியாப் போட்ட சக்கரப் பொங்கலுன்னு சொல்லு” என்றார். இப்போது அதைத்தான் கொண்டுபோகிறேன். பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் பயனில்லை. அரை மணிக்கு ஒரு வாய், பசித்தாலும் பசிக்காவிட்டாலும். பர்லியாரில் நிறுத்தினால் முதுகுப் பையின் ஜிப்பை மூடிக்கொள்ளுங்கள். அங்கே குரங்குகள் வாழைப்பழத்தின் மணத்தை உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடும். பெண்களுக்கு இன்னொன்று: வழியில் கழிப்பிட வசதி அரிது, பர்லியாரை விட்டால் குன்னூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. மேட்டுப்பாளையத்து வெக்கையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்த்துக் கொட்டும். ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை. மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலம் வாங்குவதானால் அதில் சொல்லியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். கெட்டியாகக் கரைத்தால் வயிறு திருப்பி அனுப்பிவிடும்.

இத்தனையும் தனியாக ஓட்டுகிறவருக்கு. பந்தயத்தின் ருசி கூட்டத்தில்தான் இருக்கிறது. அதை நான் கற்றது மலையில் அல்ல, கோவை–மேட்டுப்பாளையம் ரோட்டில், ஆடிக் காற்றில். அம்மியே பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றில் சைக்கிள் எம்மாத்திரம். சமதளத்தில் நம் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. முன்னால் போகிறவரின் சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் ஒட்டிக்கொண்டால் கால்வாசிக்கு மேல், மூன்றில் ஒரு பங்குவரைகூட மிச்சம். நூற்றைம்பது பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்கு இன்னும் எவ்வளவோ மிச்சம். காற்று பக்கவாட்டில் அடித்தால் எல்லாரும் சாய்கோடாக, ஒருவருக்கு ஒருவர் பக்கத்துப் பின்னால் ஒதுங்குவார்கள். ரோட்டின் அகலம் முடிகிற இடத்தில் அந்த வரிசையும் முடியும். இடம் கிடைக்காதவர் ஓரத்தில் தனியாகக் காற்றை வாங்கி, கொஞ்ச நேரத்தில் அறுந்து போவார். மலையே இல்லாத நாளில் டூர் தோற்றவர்கள் இப்படித்தான் தோற்றார்கள். ஒட்டி ஓட்டும்போது சக்கரத்தோடு சக்கரம் பக்கவாட்டில் மேற்பொருந்தவே கூடாது, முன்னால் இருப்பவர் சட்டென்று பிரேக் பிடிக்கக் கூடாது, பள்ளம் வந்தால் கையைக் காட்ட வேண்டும். எங்களில் முன்னால் போகிறவர் இரண்டு மூன்று நிமிடம் காற்றை வாங்கிவிட்டுப் பின்னால் வந்துவிடுவார். வலுவில்லாதவர் அரை நிமிடம் இருந்தால்கூடப் போதும். ஆனால் முறை தவறக் கூடாது.

கல்லாறு தாண்டினால் இந்தத் தயவெல்லாம் போய்விடும். மணிக்கு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் காற்றுக்கு ஒன்றும் வேலையில்லை, எதிரி முழுக்க எடைதான். யார் பின்னாலும் ஒளிய முடியாது. டூரின் வெற்றிதோல்வி மலையில் தீர்மானமாவதற்கு இதுதான் காரணம். அதுவரை தலைவரைக் காற்றுப் படாமல் சுமந்து வருபவர்கள் அணியின் மற்ற ஏழு பேர். பாட்டில் வாங்க அணிக் காருக்குப் பின்தங்கிப் போய், சட்டைக்குள் ஏழெட்டுப் பாட்டிலைத் திணித்துக்கொண்டு மறுபடி கூட்டத்தை எட்டிப் பிடிப்பார்கள். தலைவரின் சக்கரம் பஞ்சரானால் தன்னுடையதைக் கழற்றிக் கொடுப்பார்கள். அவர்கள் பெயர் மறுநாள் பேப்பரில் வராது. நான் இந்த விளையாட்டில் விழுந்தது அவர்களால்தான். ஜெயிப்பவர்களைப் பார்க்க எந்த விளையாட்டையும் பார்க்கலாம்.

சந்தேகமும் கூடவே வரும். லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் 2012-இல் ஊக்கமருந்துக்காகப் பறிக்கப்பட்டன. யாராவது திடீரென்று பறந்தால் என் புருவமும் உயரத்தான் செய்கிறது. ஆனாலும் 2024-இல் பெண்கள் டூரைப் பார்த்தவர் யாரும் இந்த விளையாட்டை வெறுக்க முடியாது. மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியில் இருந்த டெமி வோலரிங் ஐந்தாம் கட்ட ஓட்டத்தில் கீழே விழுந்து ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இழந்தார். கடைசி நாள், ஆல்ப் டுவெஸ் ஏற்றம். வோலரிங் முதலில் வந்தார். அதற்குள் மஞ்சள் ஜெர்சிக்காரியாகிவிட்ட காஷா நியேவியடோமா பின்னால் போராடி வந்து டூரை ஜெயித்தார். எட்டுக் கட்ட ஓட்டத்துக்குப் பிறகு மொத்த வித்தியாசம் நான்கு வினாடி. ஆண்கள் டூரிலும் அவ்வளவு குறைந்த வித்தியாசம் வந்ததில்லை. 1989-இல் கிரெக் லெமாண்ட் எட்டு வினாடியில் ஜெயித்ததுதான் அங்கே சாதனை. நான்கு வினாடி என்பது எங்கே மிச்சம் பிடித்தது? எந்த வளைவில்? அன்றைக்குக் கடையில் பில் கூட்டல் இரண்டு முறை தப்பாக வந்தது.

குன்னூரோடு நிறுத்தாமல் ஊட்டிக்குப் போகிறவர்கள் மூச்சில் ஒரு மாற்றத்தைக் கவனிப்பார்கள். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல்தான். பந்தய அணிகள் ரத்தத்தில் சிவப்பணு கூட வேண்டும் என்று ஸ்பெயினின் டெய்டே எரிமலையிலும் சியரா நெவாடாவிலும் இரண்டு மூன்று வாரம் தங்குகிறார்கள். அந்த இடங்களின் உயரமும் ஏறக்குறைய ஊட்டி உயரம்தான். தொட்டபெட்டா 2,637 மீட்டர். டூரின் புகழ்பெற்ற கலிபியே கணவாய் 2,642. 1911-இல் முதன்முதலாக அந்தக் கணவாயில் வீரர்களை ஏற்றிவிட்டார்கள், மண் ரோட்டில், கியர் இல்லாத கனத்த வண்டிகளில். நம் தொட்டபெட்டா உச்சிக்குக் கடலை கொறித்துக்கொண்டு காரில் போகும்போது இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். கீழிருந்து நேராக வருகிறவர்கள் ஊட்டியில் வழக்கமான வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஒரு கியர் குறைத்துக்கொண்டால் தலைவலி வராது.

இறக்கத்தில் நான் வீரர்களைப் பின்பற்றுவதே இல்லை. அவர்களுக்கு ரோடு மூடியிருக்கும். எனக்கு எதிரே லாரி வரும், யூக்கலிப்டஸ் இலை ஈரமாகக் கிடக்கும், மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும். மூடிய ரோட்டிலேயே ஃபாபியோ கசார்டெல்லி 1995 டூரிலும், ஜீனோ மேடர் 2023-இல் சுவிட்சர்லாந்துப் பந்தயத்திலும் இறக்கத்தில் விழுந்து உயிரிழந்தார்கள். ஹெல்மெட் 2003-இல்தான் கட்டாயமானது, அதுவும் ஒரு மரணத்துக்குப் பிறகு. சைக்கிளின் நடுக்கம்பியில் உட்கார்ந்து குனிந்து பாயும் முறையை 2021-இல் தடை செய்துவிட்டார்கள். பழைய வீடியோ பார்த்துவிட்டு நம் பையன்கள் இன்னும் அதைச் செய்கிறார்கள், அடித்துத் திருத்தலாம் போல இருக்கும். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். வளைவுக்குள் போன பிறகு பிடிக்கக் கூடாது. அப்புறம் குளிர். வியர்வையில் நனைந்த உடம்போடு இறங்கினால் பத்து நிமிடத்தில் விரல் மரத்து, பிரேக் பிடிக்கவே வராது. அந்தக் கால வீரர்கள் உச்சியில் ரசிகர்களிடம் செய்தித்தாள் வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொண்டு இறங்குவார்கள். குன்னூர் டீக்கடையில் முந்தாநாள் பேப்பர் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். நன்றாகவே வேலை செய்கிறது.

எப்போது போகலாம்? டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை சுகம். ஐப்பசி கார்த்திகை மழையில் மண் சரியும், ஏப்ரல் மே சீசனில் கார்கள் முட்டும். சீசன் நாட்களில் ஏறுகிற வண்டிக்கு ஒரு ரோடு, இறங்குகிற வண்டிக்குக் கோத்தகிரி ரோடு என்று போலீஸார் மாற்றிவிடுவதும் உண்டு. கோத்தகிரி ரோடு ஏறுவதற்கு இதமானது, வண்டியும் குறைவு. ஆனால் குஞ்சப்பனைப் பக்கம் யானை கடக்கும், கல்லாறிலும்தான். நன்றாக விடிந்த பிறகு கிளம்பி, இருட்டுவதற்கு முன் இறங்கிவிட வேண்டும். மசினகுடிப் பக்கமிருந்து ஏறும் கல்லட்டி ரோடு வேறு ஜாதி: 36 கொண்டை ஊசி வளைவு, பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் பயணத்தில் எல்லாரும் பயப்படுவது அதற்குத்தான். குன்னூரை இரண்டு மூன்று முறை சிரித்துக்கொண்டே ஏறியவர்கள் அங்கே போகலாம். இறங்குவதற்கு அந்த ரோட்டைத் தொடவே வேண்டாம்.

ஏறிய மறுநாள் கடையில் எட்டு மணி நேரம் நிற்கும்போதுதான் மூன்று வாரப் பந்தயம் என்றால் என்ன என்று உடம்பு முணுமுணுக்கும். 21 நாள் ஓட்டம், நடுவில் இரண்டு நாள் ஓய்வு, மூவாயிரத்து நானூறு கிலோமீட்டரை ஒட்டிய தூரம். அங்கே போட்டியே யார் சீக்கிரம் தேறுகிறார் என்பதில்தான். எல்லையைத் தாண்டியதும் சாப்பாடு, அப்புறம் மசாஜ், அப்புறம் தூக்கம். மாடிப்படி ஏறுவதைக்கூடத் தவிர்ப்பார்கள். நாமும் இறங்கிய அரை மணிக்குள் சோறும் பருப்பும் முட்டையும் சாப்பிட்டுவிட்டால் திங்கட்கிழமை அவ்வளவு கடுக்காது.

இந்தக் கணக்கில் கைதேர்ந்தவர்கள் முன்னால் போகிறவர்கள் அல்ல, கடைசியில் வருகிறவர்கள். முதல்வரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதம் கூட்டி ஒரு கெடு வைப்பார்கள். அதற்குள் வராதவர் மறுநாள் கிடையாது. சமதளத்தில் கடைசி நேரப் பாய்ச்சலில் ஜெயிக்கும் கனத்த தசை கொண்ட ஸ்ப்ரிண்டர்கள் மலை நாட்களில் ஒன்றுகூடி, கெடுவுக்குச் சற்று முன்னால் வந்து சேரும்படி, ஒரு பிடி சக்தியும் வீணாக்காமல் ஏறுவார்கள். 2024 டூரின் முதல் நாளே ஸ்ப்ரிண்டர் மார்க் கேவண்டிஷ் வெயிலில் துவண்டு வாந்தி எடுத்துப் பின்தங்கினார். அணிக்காரர்கள் சிலர் கூடவே நின்று அவரைக் கெடுவுக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் அவர் டூரில் தன் 35-ஆவது ஒருநாள் வெற்றியைப் பெற்று, பழைய சாம்பியன் எடி மெர்க்ஸோடு பகிர்ந்திருந்த சாதனையைத் தனதாக்கிக்கொண்டார். அடுத்த ஜூலையில் பார்ப்பதானால் கேமரா பின்னால் போகும் அந்த அபூர்வமான ஐந்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மண்டி அண்ணன் போட்ட ஒரு சட்டம் இருக்கிறது: குன்னூரில் முதலில் கால் ஊன்றுகிறவர் எல்லாருக்கும் டீயும் வர்க்கியும் வாங்கித் தர வேண்டும். அதனால் லாஸ் அருவி தாண்டியதும் எல்லாருக்கும் திடீரென்று செயின் சரிபார்க்க வேண்டியிருக்கும், தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும், ஷூ பட்டை தளர்ந்துவிடும். ஸ்ப்ரிண்டர்கள் கடைசிக் கிலோமீட்டரில் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைப்பார்களே, அதே ஆட்டம். போன வாரம் ஒரு காலேஜ் பையன் புதிதாக வந்திருந்தான். யாரும் அவனிடம் சட்டத்தைச் சொல்லவில்லை.